ஏழாம் மேசை மீன்

“…அன்னைக்குத் திருப்பின கை இதுதானே மக்கா, இன்னைக்கும் இந்தக் கையே திருப்பட்டும்” என்றார் டீச்சர். சொல்லிக்கொண்டே என் வலது மணிக்கட்டின்மேல் இரண்டு விரல்களை வைத்தார், நாடி பார்ப்பதுபோல. விரல்கள் சில்லென்று இருந்தன. மேசையில் களவா மீன் தலையும் வாலுமாக முழுசாகக் கிடந்து ஆவி விட்டுக்கொண்டிருந்தது. டீச்சருக்கு எதிரே இன்னொரு தட்டு, இன்னொரு டீக்கிண்ணம், ஆளில்லாத ஒரு நாற்காலி.

இதிலிருந்தே தொடர்ந்து சொன்னால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. நடந்ததை முதலிலிருந்தே சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில், திருவனந்தபுரத்தில் ஓர் ஓட்டலின் ஆறாவது மாடியில் இருந்த சீன உணவகத்தில் எனக்கு வேலை. சப்ளையர் என்று சொன்னால் மேனேஜருக்குப் பிடிக்காது, ஸ்டூவர்டு என்றுதான் சொல்ல வேண்டும். அதற்குமுன் களியக்காவிளையில் பரோட்டாக் கல்லின் முன்னால் நின்றவன் நான். பள்ளிக்கூடப் படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. மற்றதையெல்லாம் மேசை மேசையாகப் போய்க் கேட்டுப் படித்தேன். மனிதர்கள் சாப்பிடும்போது பேசுகிற பேச்சைப்போல ஒரு படிப்பு வேறெங்கும் கிடையாது. வாய் நிறைந்திருக்கும்போது யாரும் ஜோடித்துப் பேச முடியாதல்லவா.

அது சாதாரண சில்லி சிக்கன் கடை இல்லை. மெனு அட்டையே கல்யாண ஆல்பம் கனம் இருக்கும். சீனாவின் நான்கு பகுதிச் சமையல் நான்கு பிரிவாக அதில் இருந்தது. வருகிறவர்கள் நான்கையும் மரியாதையாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு சில்லி சிக்கனும் ஃபிரைடு ரைஸும்தான் கேட்பார்கள். துணிந்து சிச்சுவான் பக்கம் போனவர்களும் உண்டு. அந்த ஊர் மிளகு நாக்கை மரத்துப்போக வைக்கும். செக்ரட்டேரியட்டில் பெரிய பதவியில் இருந்து ரிட்டயரான ஒருவர் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு, “மோனே, என்றெ நாக்கு போயி” என்றார். பக்கவாதம் வந்துவிட்டது என்று நினைத்துவிட்டார், பாவம். வெந்நீர் கொடுத்து, நாக்கு அங்கேயேதான் இருக்கிறது என்று நம்ப வைப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

எங்கள் ஷெஃப் கல்கத்தாவில் பிறந்து வளர்ந்த சீனர். அவருடைய முன்னோர் கான்டன் பக்கத்துக் கடற்கரைக்காரர்கள், படகோட்டிப் பிழைத்தவர்கள். அவர் இந்தி பேசுவார், வங்காளம் பேசுவார், நாலு வருஷத்தில் மலையாளமும் கொஞ்சம் பிடித்துக்கொண்டார். ஆனால் சாப்பாட்டுக் கூடத்துக்குள் அவர் வந்ததே கிடையாது. சமையலறையின் ஆடும் கதவோடு அவருடைய உலகம் முடிந்துவிடும். அதற்கு இந்தப் பக்கம் நடப்பது அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் மாட்டார்.

கதவுக்கு இந்தப் பக்கம் நான் ஒரு வேலை செய்துகொண்டிருந்தேன்.

மெனுவில் கான்டன் பக்கத்தில் இருந்த பெரிய ஐட்டம், ஆவியில் வேகவைத்த முழு மீன். விழிஞ்ஞத்திலிருந்து காலையில் வந்த களவாவை இஞ்சியும் வெங்காயத்தாளும் வைத்து வேகவைத்து, மேசைக்குக் கொண்டுபோய், விருந்தினர் கண் முன்னாலேயே சூடான எண்ணெயை அதன்மேல் ஊற்ற வேண்டும். சர்ரென்று ஒரு சத்தம் கேட்கும். அதன்பிறகு மேல்பாதிச் சதையைப் பரிமாறுவேன். மேல்பாதி தீர்ந்ததும் அடிப்பாதிக்கு என்ன செய்வது? யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பரோட்டா போட்ட கை சும்மா இருக்குமா? இரண்டு பெரிய கரண்டிகளை மீனுக்கு அடியில் கொடுத்து, ஒரே சுண்டலில், சதை சிதறாமல் மறுபுறம் கவிழ்த்துவிடுவேன். ஒரு சொட்டுச் சாறு வெளியே தெறிக்காது. கூடமே திரும்பிப் பார்க்கும். பக்கத்து மேசைக்காரர்கள்கூட, “சேட்டா, ஒந்நுகூடெ மறிச்சே” என்று, இன்னொருதடவை கவிழ்க்கச் சொல்லிக் குழந்தைகள்போலக் கேட்பார்கள். நாலு வருஷம் இப்படி எத்தனை மீன்களைக் கவிழ்த்தேன் என்று எனக்கே தெரியாது. கைதட்டல் கிடைத்த வேலை அது ஒன்றுதான். அதனால் அதில் எனக்குப் பெருமை.

டீச்சரும் மகனும் வருவது ஏழாம் மேசைக்கு. மேற்கு ஜன்னலோரம். மழை இல்லாத நாளில் தென்னந்தலைகளுக்கு மேலே ஒரு கோடாகக் கடல் தெரியும். டீச்சர் பாறசாலைப் பக்கத்துத் தமிழ்ப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், சர்ச்சுக்குப் போகிற குடும்பம். கணவர் இறந்து வெகு காலமாகிவிட்டது. மகன் சரக்குக் கப்பலில் இரண்டாம் ஆஃபீசர். ஆறு மாதமோ எட்டு மாதமோ கடலில் கிடந்துவிட்டு லீவில் வந்ததும் அம்மாவை இங்கே அழைத்து வருவான். நானும் தமிழன் என்று தெரிந்ததும் அண்ணாச்சி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான். டீச்சருக்கு ஒவ்வொரு தட்டைப் பார்த்தும் சந்தேகம் வரும். இதில் பாம்பு, தவளை ஏதும் இல்லையே என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு விசாரிப்பார். மகன் வேண்டுமென்றே, தவளைதாம்மா, நம்ம குளத்துத் தவளை என்பான். அவர் அவன் தொடையில் ஒரு அடி வைப்பார். அவர்கள் வந்துவிட்டுப் போனால் அன்று முழுக்க எனக்கு மனசு லேசாக இருக்கும்.

ஒரு ரெண்டாம் சனிக்கிழமை மதியம், மறுநாள் காலையில் கப்பலுக்குக் கிளம்ப வேண்டிய நேரத்தில், அவன் முதல்முறையாக முழு மீன் கேட்டான். அம்மா ஒருதடவை அதைச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம். நான் கொண்டுபோய் எண்ணெய் ஊற்றி, மேல்பாதியைப் பரிமாறி, வழக்கம்போலக் கவிழ்த்தேன். அன்று கை இன்னும் நன்றாகவே பேசியது. அடுத்த மேசையில் கைதட்டினார்கள்.

அவன் கைதட்டவில்லை. நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தான்.

“அண்ணாச்சி, எனக்க கப்பலையில்லா கவுத்துப் போட்டீங்க” என்றான்.

சீனக் கடற்கரைக்காரர்கள் மீனைத் திருப்ப மாட்டார்களாம். தட்டில் கிடக்கும் மீனும் கடலில் மிதக்கும் படகும் அவர்களுக்கு ஒன்று. மேல்பாதி தீர்ந்தால் நடுமுள்ளை உருவி எடுத்துவிட்டு அடிப்பாதியைக் கிடந்த கிடையிலேயே சாப்பிடுவார்களாம். அவன்கூட வேலை செய்த சீன மாலுமிகள் அப்படித்தான் செய்வார்களாம். இதையெல்லாம் அவன் வேடிக்கையாகத்தான் சொன்னான். ஆனால் டீச்சர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அந்த மீனை அவர் தொடவில்லை. மகனையும் தொடவிடவில்லை.

சமையலறைக்குள் போய் நானும் வேடிக்கையாகவே ஷெஃபிடம் சொன்னேன். அவர் அடுப்பை அணைத்தார். நாலு வருஷமாகவா என்று கேட்டார். ஆமாம் என்றேன். இன்றைக்கு யாருடைய மேசை, அவர் என்ன வேலை செய்கிறார் என்று கேட்டார். கப்பல் என்றேன். சுவரில் சாமிக்கென்று அவர் ஒட்டியிருந்த சிவப்புக் காகிதத்துக்கு முன்னால் மூன்று ஊதுபத்தி ஏற்றி வைத்துவிட்டு வெகுநேரம் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். மத்தியானக் கூட்டம் உச்சத்தில் இருந்தது, ஆர்டர் சீட்டுகள் கம்பியில் குத்திக் குவிந்துகொண்டிருந்தன. அவர் திரும்பவில்லை.

ஆறு வாரம் கழித்து அந்தக் கப்பலிலிருந்து தகவல் வருவது நின்றுபோனது. தென்சீனக் கடலில் புயல் என்றார்கள். கடைசியாக வயர்லெஸ்ஸில் இடத்தைச் சொல்லியிருக்கிறார்கள், அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. ஒரு பலகைகூட மிதக்கவில்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், நல்ல சேதி வரும் என்று எதிர்பார்த்துக்கொண்டே நீங்கள் படிக்க வேண்டாம். அந்தக் கப்பல் அன்றும் கிடைக்கவில்லை, இன்றுவரை கிடைக்கவில்லை.

டீச்சர் எதிர்பார்த்தார். அடுத்த ரெண்டாம் சனிக்கிழமை மதியம் ஏழாம் மேசைக்கு இரண்டு பேர் என்று போனில் சொல்லிவிட்டு ஒற்றை ஆளாக வந்தார். நான் வேறொரு ஸ்டூவர்டை அனுப்பினேன். அவர் அவனைத் திருப்பி அனுப்பிவிட்டு, என்னைத்தான் வரச் சொன்னார். போனேன். 

எதுவும் நடக்காததுபோல என் வீட்டாரை விசாரித்தார். இரண்டு பேருக்கு டீ ஊற்றச் சொன்னார். முழு மீன் கேட்டார். மேல்பாதியை அவர் சாப்பிட்டார். அடிப்பாதியை முள்ளோடு அப்படியே விட்டுவைக்கச் சொன்னார். அது அவனுக்காம். திருப்பாதே என்று சொல்லவில்லை, அன்றைய பேச்சையே எடுக்கவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

இப்படி எட்டு மாதம்.  மீதிவந்த அந்தப் பாதி மீனைச் சமையலறையில் யாரும் வாயில் வைக்க மாட்டார்கள். போனக்காட்டுத் தேயிலை எஸ்டேட்டிலிருந்து வந்து பாத்திரப் பகுதியில் வேலை செய்த ஒரு அக்கா, மிச்சமாகும் எதையும் வீணாக்காதவர், அவரே அந்தத் தட்டைக் கண்டால் தள்ளி நின்றுகொள்வார். ஷெஃப்தான் அதன்மேல் வெள்ளை நாப்கினைப் போர்த்தி எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போவார். எங்கே போவார் என்று நான் கேட்கவில்லை.

அந்த மேசையில் வேறு சிலதும் நடந்தன. பெரிதாக ஒன்றும் இல்லை. பெரிதாக நடந்திருந்தால் நாலு பேரிடம் சொல்லியாவது ஆறியிருப்பேன்.

டீக்கிண்ணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எதிர் நாற்காலிக்கு முன்னால் நான் ஊற்றி வைத்த டீ, நான் தட்டுகளை எடுக்க வரும்போது பெரும்பாலும் அப்படியே ஆறிக் கிடக்கும். சில நாள் கிண்ணம் காலியாக இருக்கும். டீச்சர் குடித்திருக்கலாம். குடித்திருக்கத்தான் வேண்டும். எட்டு மாதத்தில் ஒருதடவைகூட அவர் கை அந்தப் பக்கம் போனதை நான் பார்த்ததில்லை.

அப்புறம் அந்த வட்டக் கண்ணாடி. சீன மேசைகளின் நடுவில் சுழலுகிற ஒரு கண்ணாடித் தட்டு இருக்கும். ஐட்டங்களை அதில் வைத்து, வேண்டியவர்கள் வேண்டியதைத் தங்கள் பக்கம் சுழற்றி எடுத்துக்கொள்ளலாம். ஏழாம் மேசையில் அது தானாகவே மெல்ல நகரும். மீனை டீச்சர் பக்கம் தலை இருக்கும்படி வைத்துவிட்டு நான் நாலு எட்டு தள்ளிப் போவதற்குள், யாரோ ஒரு விரலால் தள்ளுவதுபோலச் சத்தமில்லாமல் சுற்றி, மீன் தலை காலி நாற்காலியைப் பார்த்து நிற்கும். தரை சரிவாக இருந்தது, எனக்குத் தெரியும். கட்டடத்தின் மேற்கு மூலை கொஞ்சம் இறங்கியிருந்தது. ஸ்டூவர்டுகளை மேய்க்கிறவருக்கு ஓட்டலில் கேப்டன் என்று பெயர், அவரிடம் சொன்னேன். எங்கள் கேப்டன் ஒரு தனிப் பிறவி. விருந்தினர் எதைக் கேட்டாலும் தெரியாது, ‘அறியில்லா’ என்ற சொல் உங்கள் வாயிலிருந்து வரக்கூடாது, பார்த்துவிட்டு வருகிறேன், ‘நோக்கிட்டு வராம்’ என்று சொல்லிவிட்டு உள்ளே போய் நின்றுகொள்ளுங்கள் என்று எங்களுக்குப் பாடம் எடுத்தவர். அவர் வந்து, குனிந்து, கண்ணாடியின் சுற்றைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். நிமிர்ந்து என்னிடமே, நோக்கிட்டு வராம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். திரும்பி வரவில்லை.

நானே ஓர் அட்டையை மடித்து மேசைக் காலுக்கு அடியில் கொடுத்தேன். கண்ணாடி நின்றுவிட்டது. அன்று டீச்சர் வந்து உட்கார்ந்து, மீன் வந்து, கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, கோபமே இல்லாத குரலில் கேட்டார்.

“ஏன் மக்கா நிப்பாட்டினே?”

அவர் குனிந்து பார்க்கவில்லை. அட்டை இருந்த இடம் மேசைத்துணிக்கு உள்ளே. நான் முழங்காலிட்டு அட்டையை உருவினேன். நான் எழுந்திருப்பதற்குள் கண்ணாடி நகரத் தொடங்கியிருந்தது.

ஒன்பதாவது முறை வந்தபோது வெளியே கர்க்கடக மழை, நம்ம ஆடி மாதம். மத்தியானமே விளக்கு போட வேண்டியிருந்தது. ஜன்னலில் கடல் இல்லை, தென்னை இல்லை, கண்ணாடிக்கு அப்பால் வெறும் வெள்ளை. கூடத்தில் இரண்டே மேசைகளில் ஆள். டீச்சர் கைப்பையிலிருந்து ஒரு நீளக் கவரை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். கப்பல் கம்பெனி அனுப்பியது. கப்பல் மூழ்கிவிட்டதாக முடிவு செய்துவிட்டார்களாம், உறவினர் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டுமாம். எனக்கு ஆங்கிலம் படிக்க வராது என்று அவரே வரிவரியாக வாசித்து அர்த்தம் சொன்னார், வகுப்பில் சொல்வதுபோல. திங்கட்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். போட்டால் மகன் இல்லை என்று அவரே சொன்னதாக ஆகிவிடும்.

“நான் போட மாட்டேன்” என்றார். “அதுக்கு முன்ன ஒரு வழி பாக்கணும். மைனஸை மைனஸால பெருக்கினா என்ன வரும், செல்லு.”

எட்டாம் வகுப்புவரை படித்தவனுக்கு அது தெரியும். பிளஸ் என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அவர் எங்கே வருகிறார் என்று புரிந்துவிட்டது. என் காதுமடல் குளிர்ந்தது.

“கவுந்ததை இன்னொருக்க கவுத்தா நேராவும். அவ்வளவுதான் கணக்கு. ஆனா வேற ஆள் செய்தா அது வேற கணக்காயிப் போவும்.”

மீன் தயாரா என்று பார்க்கிற சாக்கில் சமையலறைக்குள் ஓடினேன். ஷெஃபிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முடியாது என்று அவர் சொல்லிவிடுவார், அதையே டீச்சரிடம் போய்ச் சொல்லித் தப்பித்துவிடலாம் என்று நினைத்தேன். அவர் முடியாது என்று சொல்லவில்லை. செய் என்றும் சொல்லவில்லை. தன் வீட்டில் இரண்டு தலைமுறைக்கு முன்னால் கடலுக்குப் போனவர்கள் உண்டென்றும், திரும்பாதவர்கள் உண்டென்றும், இப்படி ஒரு வழி இருக்கலாம் என்று அவர்களில் யாருக்கும் தோன்றவில்லையே என்றும் அரை மலையாளத்தில் சொன்னார். மீனைத் தானே தட்டில் எடுத்து வைத்து, அதன் கண்ணுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த ஒரு வெங்காயத்தாளை விரலால் நீக்கினார்.

நான் தட்டோடு வெளியே வந்தேன். பின்னால் கதவு ஆடி அடங்கவில்லை. திரும்பிப் பார்த்தால், ஷெஃப் கதவைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு உள்ளே நிற்கிறார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அவரை அந்த வெளிச்சத்தில் நான் பார்த்தது அன்றுதான். கேப்டன்கூட ஒதுங்கி நின்றார்.

எண்ணெய் ஊற்றினேன். சர்ரென்று சத்தம் வந்து அடங்கியது. மேல்பாதியைப் பரிமாறப் போனேன். இன்றைக்கு வேண்டாம், முழுசாகவே இருக்கட்டும் என்றார் டீச்சர். அப்போதுதான் என் மணிக்கட்டில் விரல்களை வைத்து, அன்று திருப்பிய கையே திருப்பட்டும் என்றது.

நான் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. “டீச்சர், எனக்குப் பயமா இருக்கு” என்றேன்.

“எனக்கும்தான்” என்றார்.

விரல்களை எடுத்துக்கொண்டார். இரண்டு கரண்டிகளையும் அடியில் கொடுத்தேன். பரோட்டாவோ மீனோ, கைக்கு எடை தெரியும். தூக்குவதற்கு முன்பே தெரிந்துவிடும். அந்த மீன் ஒன்றேகால் கிலோவுக்கு மேல் இருக்காது. ஆனால் அது தட்டைவிட்டுக் கிளம்பவில்லை. அடியில் யாரோ பிடித்துக்கொண்டிருப்பதுபோல, இழுத்தேன், இன்னும் இழுத்தேன். சூட்டில் தோல் தட்டோடு ஒட்டியிருக்கும் என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன். பிறகு சட்டென்று விட்டுக்கொடுத்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக ஒன்றை நான் திருப்பியதில்லை. சதை சிதறவில்லை. ஒரு சொட்டுக்கூடத் தெறிக்கவில்லை. மறுபக்கம் மேலே வந்து அமைந்தது, வெள்ளையாக, ஒரு கீறலும் இல்லாமல். யாரும் கைதட்டவில்லை. வட்டக் கண்ணாடி நகரவில்லை.

டீச்சர் மீனைப் பார்த்தார். தலையை ஒருமுறை அசைத்தார், பையன் கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டான் என்பதுபோல. கையெழுத்துப் போடாத கடிதத்தை மடித்துக் கவருக்குள் போட்டு, கவரைக் கைப்பைக்குள் வைத்தார். ஆறிப்போயிடும் டீச்சர், சாப்பிடுங்க என்றேன். அவர் எழுந்தார். தன் நாற்காலியை இழுக்காமல், சத்தம் வந்துவிடக்கூடாது என்பதுபோல இரண்டு கைகளாலும் தூக்கி, மேசைக்கு முதுகைக் காட்டி, கூடத்து வாசலில் இருந்த லிஃப்ட் கதவுக்கு நேராகப் போட்டு, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, கதவைப் பார்த்து உட்கார்ந்தார்.